புல்லட்டுக்கு புது கேம் போடுறதுக்கு முன்னாடி

தாம்பரத்துலேருந்து முடிச்சூர், படப்பை வழியா போனா ஒரகடம். ராயல் என்ஃபீல்டு வண்டிகள் தயாராகிற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. நம்ம பக்கத்துல புல்லட் வச்சிருக்கிற எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் இந்த அட்வைஸ் சொல்லியிருப்பாங்க: "கேமும் வால்வு ஸ்பிரிங்கும் மாத்து, வண்டி பறக்கும்." இது எந்த அளவுக்கு உண்மைன்னு பார்ப்போம்.

பவர்ங்கிறது டார்க்கையும் ஆர்.பி.எம்.மையும் பெருக்கினா வர்றது. டார்க் குறையாம ஆர்.பி.எம்.மை ஏத்தினா பவர் ஏறும். அதைத் தடுக்கிறதுல வால்வு ட்ரெயினுக்குப் பெரிய பங்கு உண்டு.

6000 ஆர்.பி.எம்.ல ஒரு வால்வு நொடிக்கு 50 தடவை திறந்து மூடும். திறக்கிறது கேமோட வேலை, மூடுறது ஸ்பிரிங்கோட வேலை. வேகம் ஏற ஏற இந்த பாகங்களோட இனர்ஷியா விசை ஆர்.பி.எம்.மோட வர்க்கத்துல ஏறும். 6000-லேருந்து 7000-க்குப் போனா வேகம் 17 சதவீதம்தான் கூடுது, விசை 36 சதவீதம் கூடுது. ஸ்பிரிங்கால சமாளிக்க முடியலன்னா வால்வு கேமை விட்டு விலகிடும். இதுதான் வால்வு ஃப்ளோட். பவர் விழும். மோசமான நேரத்துல வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும்.

பழைய 346 சிசி புல்லட் எஞ்சின்ல கேம் கீழே இருக்கும். நடுவுல டேப்பட், புஷ்ராட், ராக்கர்னு ஒரு வரிசை. அத்தனையும் எடை, புஷ்ராட் கொஞ்சம் வளையவும் செய்யும். அந்த எஞ்சின் கொடுத்தது 5250 ஆர்.பி.எம்.ல 19.8 பி.எச்.பி. 2021-ல வந்த புது கிளாசிக் 350-ல கேம் ஹெட்டுக்கே போயிடுச்சு, புஷ்ராட் கிடையாது. பவர் 6100-ல 20.2 பி.எச்.பி. வெறும் 0.4 கூடுதல்! கம்பெனி அங்க பவரைத் தேடல. கேம் இடம் மாறினா மட்டும் பவர் வந்துடாதுங்கிறதுக்கு இதுவே சாட்சி.

இன்டர்செப்டர் 650-ஐ பாருங்க. ஹெட்ல கேம், சிலிண்டருக்கு நாலு சின்ன வால்வு, 7000 ஆர்.பி.எம்.க்கு மேல 47 பி.எச்.பி. லிட்டர் கணக்குல பழைய 350-க்கு சுமார் 57, இதுக்கு சுமார் 72. சின்ன வால்வு எடை குறைவு, காத்து போற வழி அதிகம். போர்ட், கம்ப்ரஷன், ஃப்யூலிங் எல்லாம் சேர்த்து டிசைன் பண்ணதால வந்த பலன் அது.

அப்போ நாம மாத்தவே கூடாதா? மாத்தலாம், ஆனா வரிசை முக்கியம்.

முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட். வால்வு சீட்ல லீக் இருந்தா, லேப்பிங் பண்ணாலே தொலைஞ்ச பவர் திரும்பி வரும், செலவும் கம்மி.

அடுத்து, கேமும் ஸ்பிரிங்கும் ஜோடியாத்தான் மாறணும். லிஃப்ட் அதிகமான கேமுக்குப் பழைய ஸ்பிரிங் போட்டா, சுருள்கள் ஒண்ணோட ஒண்ணு முட்டி நின்னுடலாம். தேவையில்லாம கெட்டி ஸ்பிரிங் போட்டா கேமும் ராக்கரும் சீக்கிரம் தேயும். எடை குறைஞ்ச ரிட்டெய்னர் இந்த சுமையைக் குறைக்கும்.

மூணாவது, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டன் மேல களிமண் வச்சு, ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால ரெண்டு சுத்து சுத்தி, கழட்டி அந்த மண்ணோட தடிமனை அளந்து பாருங்க. இதைப் பண்ணாம ஸ்டார்ட் பண்றவர்கிட்ட உங்க எஞ்சினைக் கொடுக்காதீங்க.

கடைசியா ஃப்யூலிங். கேம் மாறினா எஞ்சின் இழுக்கிற காத்தும் மாறும். கார்புரேட்டர்னா ஜெட், இன்ஜெக்‌ஷன்னா மேப் மாத்தணும்.

இன்னொரு விஷயம். பெரிய டியூரேஷன் கேம் பவரை மேல் ஆர்.பி.எம்.க்குத் தள்ளும், கீழே டார்க் குறையும். சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்ல, பெருங்களத்தூர் நெரிசல்ல நாம ஓட்டுறது 3000-க்குக் கீழதான். அங்க இந்த வண்டி மூச்சு திணறும். அதோட, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாத்துறதைத் தடுக்குது. இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகலாம்.

இந்த வேலைக்குச் சரியான இடம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக். ரோட்ல ஓட்டுற வண்டின்னா, கேமுக்கு வச்ச காசுல நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்க.