பத்மநாபபுரத்தின் அமைதி: ஒரு சாலைக் கடைக்காரனின் குறிப்புகள்

தம்பானூரில் நாகர்கோவில் பேருந்து ஏறுவது எனக்குப் புதிதல்ல. பாத்திர வியாபாரத்துக்காக வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இந்த ஊருக்கு வந்து சாலைக் கம்போளத்தில் கடை போட்ட நாளிலிருந்து, மாதம் இரண்டு முறையாவது அந்தப் பேருந்தில் ஏறியிருப்பேன். வடசேரியில் கொடுக்கல் வாங்கல் இருந்தது. தக்கலையில் பேருந்து ஐந்து நிமிடம் நிற்கும். ஒரு சுக்குக் காப்பி குடிப்பேன், மறுபடி ஏறிவிடுவேன். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு காலத்தில் ஒரு நாட்டுக்கே தலைநகராக இருந்த ஊர் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு தடவைகூட இறங்கிப் பார்த்ததில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நம் சங்கத்துக் குடும்பங்களில் என்னைப் போல இன்னும் பலர் உண்டு என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

என்னை அங்கே இறங்க வைத்தது ஜெர்மனி. மகளும் மாப்பிள்ளையும் ஹாம்பர்க் நகரத்தில் இருந்த சமயம் நானும் வீட்டுக்காரியும் போய் ஒரு மாதம் தங்கினோம். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை, "மாமா, பக்கத்துல ஒரு அமைதியான பழைய ஊர் இருக்கு, பார்த்துட்டு வரலாம்" என்று லூனெபுர்க் என்னும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹாம்பர்க்கிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். செங்கல் வீடுகள், கல் பாவிய தெருக்கள், சின்ன ஆறு. சில வீடுகளின் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். பூமிக்கு அடியிலிருந்து உப்பை எடுத்து எடுத்து நிலம் உள்வாங்கிவிட்டதாம்! பல நூற்றாண்டுகள் அந்த ஊர் உப்பு விற்றுப் பிழைத்திருக்கிறது. அங்கிருந்து லூபெக் துறைமுகத்துக்கு உப்பு போகும், வடகடல் நாடுகளில் மீனைப் பதப்படுத்த அதுதான். பிற்காலத்தில் அந்த வியாபாரம் தேய்ந்தது. 1980இல் உப்பாலையையே மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடம் உப்புக் காட்சியகம். புதிதாக இடித்துக் கட்டப் பணமில்லாமல் போனதால்தான் பழைய வீடுகள் பிழைத்தன என்றார் மாப்பிள்ளை.

இந்த ஒரு வாக்கியம் என் மனசில் நின்றுவிட்டது. அமைதியான ஊரைப் பார்த்தால் மற்றவர்கள் காற்றையும் மரத்தையும் பார்ப்பார்கள். வியாபாரிக்கு வேறு கேள்வி: இங்கே என்ன விற்றது, எப்போது நின்றது? திரும்பி வரும்போதே, தக்கலைக்குப் பக்கத்தில் நான் பார்க்காமல் விட்ட ஊர் ஞாபகம் வந்தது. அதுவும் நம் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான்.

ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிறு பேரனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எட்டாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியில் ஆங்கிலமும் மலையாளமும். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை கடந்து களியக்காவிளையில் மாநில எல்லை. அப்புறம் குழித்துறை, மார்த்தாண்டம். (மார்த்தாண்டத்திலிருந்து பிரிந்து போனால் சிதறால். அந்த மலைதான் திருச்சாரணத்துமலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு அங்கே சமணப் பெண் துறவியரான குரத்தியரைப் பேசுகிறது. சமணனாகிய நான் அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். வேறொரு மலருக்கு வைத்துக்கொள்கிறேன்.)

தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கோட்டை மதிலுக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாலை இரைச்சல் கழன்று போகிறது. பின்னால் வேளிமலை. ஓட்டு வீடுகள், சில வாசல்களில் கோலம், திண்ணையில் செய்தித்தாள் படிக்கும் பெரியவர். நீலகண்டசுவாமி கோயில் குளத்தில் இரண்டு பேர் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். மகா சிவராத்திரியில் "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிறார்களே, அந்தச் சிவாலய ஓட்டத்தில் ஏழாவது கோயில் இதுதான். இராமசுவாமி கோயிலில் இராமாயணக் கதை முழுவதும் மரப்பலகைகளில் செதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் போன நேரம் அங்கே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

அரண்மனை வாசலில் ஒரு வேடிக்கை. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஊர் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே நின்றது. ஆகவே வெளியே இளநீர்க்காரரிடம் தமிழில் பேரம் பேசிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டுப் படி தாண்டினால் மலையாளம். பேரனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்று தடவை படியைத் தாண்டித் தாண்டி வந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் தன் வீடு மாதிரிதானே!

ஊரின் பழைய பெயர் கல்குளம். கி.பி. 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கே அரண்மனை எழுப்பத் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று நாம் பார்க்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தவர் மார்த்தாண்ட வர்மர் (1729–1758). குருமிளகு வியாபாரத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ள நினைத்த டச்சுக்காரர்களை 1741இல் குளச்சலில் தோற்கடித்தவர். மிளகைப் பிறகு அவரே அரசாங்கத்தின் தனி வியாபாரமாக ஆக்கிக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரித்திரப் புத்தகங்கள் சண்டையை விரிவாக எழுதுகின்றன, மிளகை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் அது தலைகீழ். 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாபசுவாமிக்குச் சமர்ப்பித்துத் தாம் தாசராக ஆண்டார். அதை ஒட்டியே கல்குளம் பத்மநாபபுரம் ஆயிற்று.

உள்ளே பூமுகம், மந்திரசாலை, தாய்க்கொட்டாரம், உப்பிரிகை மாளிகை, நவராத்திரி மண்டபம் என்று வரிசையாகப் போகிறது. எல்லாவற்றையும் வர்ணிக்கப் போவதில்லை. பளபளக்கும் கரிய தரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கூட்டிச் செய்தது என்று வழிகாட்டும் அம்மா சொன்னதும் எனக்குக் கால் வைக்க யோசனை வந்துவிட்டது. பேரன் சிரித்தான். "தாத்தா, அது எப்பவோ பண்ணின பாவம், நடங்க" என்றான்.

நான் நெடுநேரம் நின்ற இடம் ஊட்டுப்புரை. நீண்ட கூடம், மேலும் கீழுமாக இரண்டு தளம். தளத்துக்கு ஆயிரம் பேராக இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிறார்கள். ஊறுகாய்ச் சீனச் சாடிகள் ஆள் இறங்கும் பெரிசு. பேரன் கேட்டான்: "இவ்ளோ பேருக்கு அரிசி எங்கேருந்து தாத்தா வந்துது?"

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆளுக்கு இருநூறு கிராம் அரிசி என்று குறைச்சலாக வைத்தாலும் கூடம் நிறைந்த ஒரு வேளைக்கு நானூறு கிலோ. இன்றைய எழுபத்தைந்து கிலோ மூட்டையில் ஐந்துக்கு மேல். இரண்டாயிரம் வாழையிலை. தேங்காய், எண்ணெய், புளி, உப்பு, மிளகு, விறகு தனி. சாதம் வடிக்க வார்ப்பு, பாயசத்துக்கு உருளி, பரிமாறச் சருவமும் கரண்டியும். வார்ப்பு, உருளி என்றால் வெண்கலம். வெண்கலம் என்றால் செம்போடு ஈயம். அவை ஓட்டையானால் அடைக்க ஒரு கன்னார், தேய்க்கப் பத்து ஆள். அரிசிக்கு நாஞ்சில் நாடு பக்கத்திலேயே இருக்கிறது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பூமி. தலைநகரம் ஏன் இந்த மூலையில் இருந்தது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணங்களில் இது ஒன்று. இந்த ஒரு கூடத்தை நம்பி எத்தனை கடை, எத்தனை வண்டி, எத்தனை குடும்பம் நடந்திருக்கும்!

அந்தக் கொள்முதல் 1795இல் நின்றது. மார்த்தாண்ட வர்மர் காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கே சேர்த்துக்கொண்டே போனதில் நாடு கொச்சி எல்லை வரை நீண்டுவிட்டது. தலைநகரம் தெற்கு ஓரத்தில் ஒதுங்கிப்போயிற்று. அடுத்து ஆண்ட தர்மராஜா என்னும் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அப்போது திவானாக இருந்தவர் ராஜா கேசவதாஸ். விளவங்கோடுப் பக்கத்தில் பிறந்து, இளமையில் ஒரு மரைக்காயர் கடையில் கணக்கெழுதிப் பழகியவர் என்று சொல்லப்படுபவர். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவர். புதிய தலைநகரத்தில் கோட்டைக்குக் கிழக்கே அவர் உண்டாக்கிய கடைத்தெருதான் நம்முடைய சாலைக் கம்போளம்.

இதைச் சாலையில் பலர் அறிவார்கள், நானும் அறிவேன். ஆனால் இரண்டையும் ஒரே கணக்கின் வரவு, செலவாக ஊட்டுப்புரையில் நின்றபோதுதான் பார்த்தேன். இந்த ஊரில் எது குறைந்ததோ அது எங்கள் தெருவில் ஏறியிருக்கிறது. வியாபாரம் தேடி இங்கே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களும் அந்தச் சாலைத் தெருவை நம்பித்தான் வேர் பிடித்தன. என் மகள் படித்தது, கல்யாணமானது, எல்லாம் அந்தத் தெருவின் காசு. அரண்மனை இடிபடாமல் நமக்குக் கிடைத்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ராஜாக்கள் தொடர்ந்து இங்கேயே இருந்திருந்தால் மேலை நாட்டு மோஸ்தரில் புதிது கட்டியிருப்பார்கள்; திருவனந்தபுரத்தில் கட்டினார்களே. இன்று அது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இருக்கிறது.

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் போனோம். குளச்சலில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பழக்கி வலிய கப்பித்தான் ஆன டிலனாய் 1777இல் இறந்து அங்கே அடக்கமாகியிருக்கிறார். கூரையில்லாத சிற்றாலயத்துக்குள் கல்லறை. அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. ஐரோப்பியப் படைத்தலைவனுக்குத் தமிழில் கல்லறை எழுதிய நாடு இது! பேரன் குந்தி உட்கார்ந்து விரலை வைத்துத் தேடினான். தேய்ந்த பழைய எழுத்து, எனக்கே சுலபமில்லை. மூன்று எழுத்தைக் கண்டுபிடித்தான். நாலாவதை மலையாள எழுத்தாக வாசித்தான். நான் திருத்தவில்லை. அங்கே என்னவோ எனக்குத் திருத்தத் தோன்றவில்லை. இருட்டுமுன் நான் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

பேருந்தில் வரும்போது என் கடை ஞாபகம்தான். முன்பெல்லாம் கல்யாணச் சீர் என்றால் குடும்பமே வந்து காலையிலிருந்து மத்தியானம் வரை தட்டித் தட்டிப் பார்த்து வாங்கும். இப்போது குத்துவிளக்கைக்கூடப் போனில் பார்த்து வாங்குகிறார்கள். பக்கத்தில் இரண்டு கடை கைமாறிவிட்டன. மகளுக்குக் கடை வேண்டாம், அவள் மகனுக்கு வேண்டுமா என்று நான் கேட்டதில்லை. ஏழு மணிக்குக் கதவைச் சாத்தும்போது தெருவில் ஒரு அமைதி இருக்கிறது. முன்பு அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த ஊருக்கும் நம் தெருவுக்கும் இன்னும் அறாத ஒரு போக்குவரத்து உண்டு. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் புறப்படுவார்கள். உப்பிரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும். தேவி வழக்கமாக யானைமேல், மற்ற இருவரும் பல்லக்கில். குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு, மூன்றாம் நாள் நம் நகரம். தேவி கோட்டைப் பக்கத்து நவராத்திரி மண்டபத்திலும், நங்கை செந்திட்டையிலும், குமாரசுவாமி நம் சாலையை ஒட்டிய ஆரியசாலைக் கோயிலிலும் தங்குவார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் பூசித்த விக்கிரகம், நவராத்திரி பூசையை விடாமல் நடத்தச் சொல்லி அவர் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்பது ஐதீகம். செவிவழிச் செய்திதான், நான் சான்றாகக் காட்ட மாட்டேன். கலைமகள் வழிபாடு எங்கள் சமணத்திலும் உண்டு என்பதால் எனக்கு அந்த ஊர்வலம் பார்க்க எப்போதும் ஆசை. ராஜா போனார், கஜானா போனது, கடைகளும் போயின. கலைமகளை மட்டும் அந்த ஊர்க்காரர்கள் நமக்கு வருஷத்துக்குப் பத்து நாள்தான் அனுப்புகிறார்கள், முடிந்ததும் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

போக நினைக்கும் அன்பர்களுக்கு: அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் இருக்கும். வார நாளில் காலையிலேயே போய்விட்டால் ஊட்டுப்புரையில் தனியாக நிற்கலாம். நாகர்கோவில் பேருந்தில் தக்கலைக்குச் சீட்டு வாங்குங்கள். சுக்குக் காப்பியைத் திரும்பி வந்து குடித்துக்கொள்ளலாம்.