சுள்ளியும் எருவாகும்



பெங்களூர் விவேக் நகரில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. வாடகை வீடாயினும் வாயிலில் ஒரு முருங்கையோ செம்பருத்தியோ இருந்தால்தான் நம்மவர்க்கு மனம் நிறையும். அவற்றைக் கழித்தபின் சேரும் சுள்ளிகளை என் செய்வது? சிலர் தெருவோரத்திற் குவித்துத் தீயிடுகின்றனர். அப்புகை அண்டை வீட்டுக் குழந்தையின் நெஞ்சைத் தாக்குகிறது. மண்ணுக்குரிய செல்வமும் சாம்பலாகிறது. தெருவிற் குப்பை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் தடை செய்தன.

சுள்ளி மக்காது என்பது தவறு; மெல்ல மக்கும். காரணம் இரண்டு. நுண்ணுயிர்கள் செழிக்க ஏறத்தாழ 30 பங்கு கரிச்சத்துக்கு 1 பங்கு தழைச்சத்து வேண்டும். மரத்திலோ தழைச்சத்து மிகக் குறைவு. அன்றியும், மரத்தை இறுக்கி நிறுத்தும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கும் ஆற்றல் பெரும்பாலும் பூஞ்சணங்களுக்கே உண்டு.

இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு, பருத்திமாரையும் துவரைமாரையும் பண்ணைப் பாதையிற் பரப்பினார். வண்டிகள் ஏறி அவை நொறுங்கிய பின்னரே எருக்குவியலிற் சேர்த்தார். நொறுங்கினால்தான் ஈரமும் பூஞ்சணமும் உட்புகும். 1939இல் பெங்களூரிலேயே, இந்திய அறிவியற் கழகத்தில், சி. என். ஆச்சார்யா வகுத்த முறையில் குழியை மண்ணாற் பூசி மூடிவிடுவர். அது நகரக் குப்பைக்கு ஏற்றது. சுள்ளிக்குக் காற்றோட்டமுள்ள இந்தூர் முறையே பொருந்தும்.

நமக்கு வண்டி வேண்டா; அரிவாளும் சுத்தியலும் போதும். சுள்ளிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, நசுக்கி, சில நாள் வெயிலில் உலர்த்த வேண்டும்; பச்சையாக இட்டால் முருங்கைக் குச்சி தளிர்த்துவிடும். பின்னர் ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஒரு பங்கு சுள்ளிக்கு இரண்டு பங்கு காய்கறித் தோலும் பச்சைத் தழையும், சிறிது சாணமும் கலந்து, துளையிட்ட பழைய பீப்பாயில் இட வேண்டும். பிழிந்த துணியின் ஈரம் இருந்தாற் போதும். இரு வாரத்திற்கு ஒருமுறை கிளற வேண்டும். மழை படாமல் மூட வேண்டும். வெண்ணிற நூல் படர்ந்தால் அஞ்ச வேண்டா. பூஞ்சணம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதே பொருள்.

ஆறு மாதமோ ஓராண்டோ சென்றபின் எருவைச் சலித்தெடுக்கலாம். மக்காத குச்சிகளை எறிய வேண்டா. அடுத்த குவியலுக்கு அவையே உறைமோர்.

வீடு மாறும் நாளில் பீப்பாயை உடன் எடுத்துச் செல்லலாம். ஆயினும் ஒரு கூடை எருவை அம்முருங்கையின் அடியில் இட்டுச் செல்லுதல் நன்று. நமக்கு நிழல் தந்த மண்ணுக்கு நாம் செலுத்தும் வாடகை அது.