வண்டி வீடும் ஒட்டுத் தையலும்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், வத்தலக்குண்டுப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடுவதற்காகத் திண்டுக்கல்லிலிருந்து புறப்பட்டோம். சின்னாளப்பட்டியைச் சேர்ந்த நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் உடன் வந்தார். செம்பட்டியைத் தாண்டிச் சற்றுத் தூரம் சென்றதும், சாலையோரப் புளியமரத்தின் நிழலில் விசித்திரமான வண்டி ஒன்று நின்றிருந்ததைக் கண்டோம். உருவத்தில் அது லாரி. உள்ளேயோ கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி ஆகிய யாவும் அமைந்திருந்தன. கூரையின்மேல் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகை இருந்தது. ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே வண்டியை ஓட்டி வந்த வயோதிகத் தம்பதிகள் அதில் குடியிருந்தனர். கணவர் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். மனைவியோ மடக்கு நாற்காலியில் அமர்ந்து, பல நிறத் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

நம் நண்பர் அந்தப் போர்வையைக் கையில் வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்கும் முன்பே பின்பக்கத்தைப் புரட்டித் தையலைச் சோதித்தார். பிறகு நம்மிடம், "ஐயா, எங்கள் அம்மா குழந்தைக்குத் தைக்கும் விரிப்புதானே இது! இதை விற்றால் கூலி கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார். அந்த அம்மையாரிடம் எவ்வளவு நேரம் செலவாயிற்று என்று வினவினோம். பேரனுக்காகத் தைப்பதாகவும், நேரத்தைக் கணக்கிட்டதே இல்லை என்றும் அவர் புன்னகையுடன் கூறினார்.

நண்பரின் கேள்விக்கு வழியிலேயே முழு விடையளிக்க நம்மால் இயலவில்லை. அங்கத்தினர் பலருக்கும் அது பயன்படும் கேள்வியாதலால், சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

ஒட்டுத் தையல் என்பது யாது?

மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவே பஞ்சு அல்லது பழந்துணி, அடியில் ஒரே துணி. இம்மூன்று அடுக்குகளும் விலகாதபடி ஊடுருவித் தைக்கும் ஓட்டுத் தையல். இவ்வளவே இதன் இலட்சணம். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பதைக் 'காந்தா' என்பர். நாம் 'கந்தை' என்று இகழ்ந்து கூறும் சொல்லும் அச்சொல்லும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. பீகாரில் இதன் உறவான தையலுக்குச் 'சுஜினி' என்று பெயர். நம் வீடுகளிலும் நைந்த சேலைகளை மடித்து அடுக்கி, பிள்ளை பெற்ற வீட்டிற்கென்று விரிப்புத் தைப்பது நெடுநாளைய வழக்கம். ஆயினும் அதை எவரும் தொழிலென்று கருதியதில்லை.

வண்டிக்கு ஏற்ற தொழில்

மேலை நாடுகளில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றோர் பலர், வீட்டை விட்டு இத்தகைய மோட்டார் வீட்டிலேயே மாதக்கணக்கில் வசிக்கின்றனர். நம் நாட்டில் 'கேரவன்' என்றால் சினிமாக்காரர் ஓய்வெடுக்கும் வண்டி என்றே பெரும்பாலோர் எண்ணுவர். 2021-ஆம் ஆண்டில் கேரள அரசு இதனைச் சுற்றுலாத் திட்டமாகவும் தொடங்கிற்று. அமெரிக்காவில் கெண்டக்கி மாகாணத்துப் பாதுகா என்ற சிற்றூரில், ஒட்டுத் தையலுக்கென்றே 1991-ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் ஏற்பட்டது. அவ்வூர்க் கண்காட்சிக்கு மோட்டார் வீடுகளிலேயே வந்து இறங்குவோர் பலர்.

ஓடும் வீட்டில் தறி பூட்ட முடியாது; குயவர் சக்கரமும் வைக்க முடியாது. ஆனால் ஒட்டுப் போர்வையைப் பன்னிரண்டு அங்குலச் சதுரங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சதுரத்தையும் மடியில் வைத்தே தைத்து முடிக்கலாம். ஊசி, நூல், கத்தரிக்கோல் ஆகிய மூன்றும் ஒரு தகர டப்பாவில் அடங்கும். எல்லாச் சதுரங்களும் முடிந்த பின்னரே அவற்றை விரித்து இணைக்க விசாலமான இடம் தேவை. வேலையை எந்த நேரத்திலும் நிறுத்தி, எந்த ஊரிலும் தொடரலாம்.

பொதிமாட்டுக் கூட்டத்தார்

வீட்டையும் தையலையும் ஒருங்கே சுமந்து திரிந்தவர்கள் மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே நம் நாட்டில் இருந்தனர். அவர்களே பஞ்சாராக்கள், தமிழ்நாட்டில் நாம் இலம்பாடிகள் என்று அழைக்கிறோம். உப்பும் தானியமும் ஏற்றிய பொதிமாடுகளுடன் தக்காணம் முழுவதும் சுற்றி வணிகம் செய்தனர். 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த தவர்னியே என்ற பிரெஞ்சு வணிகர், பதினாயிரம், பன்னீராயிரம் மாடுகள் சேர்ந்து செல்லும் கூட்டங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மொகலாயர் படைகளுக்கும், பின்னர் திப்பு சுல்தானை எதிர்த்துச் சென்ற கார்ன்வாலிஸ் படைக்கும் தானியம் கொண்டுவந்தோர் இவர்களே.

ஆண்கள் மாடுகளை ஓட்ட, பெண்கள் தங்குமிடங்களில் தைத்தனர். பாவாடை, ரவிக்கை, முக்காடு, பை முதலியன யாவும் துண்டுத் துணிகளை இணைத்து, கண்ணாடிச் சில்லும் சோழியும் பதித்து, நெருங்கிய தையலால் உறுதிப்படுத்தப்பட்டவை. அடுக்கிய துணி கிழியாது, வழியில் உழைக்கும். ஆகவே, அத்தையல் அவர்களுக்கு அலங்காரம் மட்டுமன்று, வழித்துணையும் ஆயிற்று.

19-ஆம் நூற்றாண்டின் இடையில் இரயில் பாதைகள் வந்தன. மாட்டின் முதுகில் மாதக்கணக்கில் சென்ற உப்பு, சில நாட்களில் சென்று சேர்ந்தது. பொதி வணிகம் நசித்தது. 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம், ஊர் ஊராகத் திரிவதையே ஐயத்திற்குரியதாக்கிற்று. அச்சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாயிற்று. நாடு முழுவதும் நீங்கியது 1952-இல்தான். இலம்பாடிகளில் பலர் 'தாண்டா' என்னும் குடியிருப்புகளில் அமர்ந்து கூலி வேலைக்குச் சென்றனர். உடையும் மாறிற்று, தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற தையலும் பல தாண்டாக்களில் நின்றுபோயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளியமரத்தடியில் நாம் கண்ட அம்மையார் விருப்பத்தினால் பயணம் செய்கிறவர். அவருக்கு ஓய்வூதியம் உண்டு. கூலி கிடைக்காவிடினும் குறையில்லை. இலம்பாடிப் பெண்ணோ பிழைப்பிற்காகத் திரிந்தவர். பிழைப்பு அற்றபோது தையலும் அற்றது. ஒரு கைத்தொழிலை அழியாமல் காப்பது வண்டியுமன்று, வீடுமன்று; அதற்குச் செலவாகும் உழைப்பிற்கு ஈடான விலையே ஆகும்.

சித்தேரி மலையடியில்

அவ்விலை கிடைக்க வழி உண்டு என்பதற்குத் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு சான்றாக விளங்குகிறது. நம் காந்திகிராம மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதிகள், 1993-ஆம் ஆண்டில் அங்கே சென்று மலைவாழ் மக்களுக்காக மருத்துவப் பணி தொடங்கினர். நோய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, வருமானமும் வேண்டும் என்பது அனுபவத்தில் தெரிந்தது. 2004-இல் இயற்கை விவசாயிகள் சங்கம் அமைந்தது. 2006-இல் இலம்பாடிப் பெண்களின் 'போர்கை' என்ற அமைப்புத் தொடங்கிற்று. அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் 'பெருமை' என்று பொருள். அப்போது பழைய தையலை அறிந்திருந்தோர் மூதாட்டியர் இருவரே எஞ்சியிருந்தனர். அவர்களிடமிருந்து இளம்பெண்கள் கற்றுக்கொண்டனர். இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் அத்தொழிலால் வருமானம் பெறுகின்றனர். பருத்தி பயிரிடுவோரும் தையல் செய்வோரும் ஒரே பள்ளத்தாக்கில் அமைப்பாகக் கூடியிருப்பது, நெசவாளரும் விவசாயியும் சேர்ந்து படிக்கும் இப்பத்திரிகையின் அங்கத்தினர்கள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

கர்நாடகத்துச் சண்டூரிலும் இவ்வாறே இலம்பாடிப் பெண்கள் கைவினை மையம் ஒன்றில் ஒன்றுகூடி உழைக்கின்றனர். அவர்களுடைய தையலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

ஆலைத் துண்டும் அங்கத்தினர் உரிமையும்

ஆமதாபாத்தில் ஆலைகளில் கழியும் துண்டுத் துணிக்குச் 'சிந்தி' என்று பெயர். வியாபாரிகளிடமிருந்து அதை வாங்கிப் போர்வை உறைகள் தைத்துக் கொடுத்த ஏழைப் பெண்கள் மிகக் குறைந்த கூலியே பெற்றனர். எலா பட் அம்மையார் 1972-இல் நிறுவிய சேவா சங்கத்தில் சேர்ந்து அவர்கள் கூலி உயர்வு கேட்டபோது, வியாபாரிகள் வேலை கொடுக்க மறுத்தனர். பெண்கள் அஞ்சிப் பின்வாங்காமல் 'சபீனா' என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, ஆலைகளிடமிருந்து துண்டுகளை நேராக வாங்கினர். மூலப்பொருள் யார் கையில் இருக்கிறதோ, கூலியை நிர்ணயிப்பவரும் அவரே என்ற உண்மை இதனால் விளங்கும்.

அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் 1966-ஆம் ஆண்டு கறுப்பினப் பெண்கள் 'சுதந்திர ஒட்டுத் தையல் கூட்டம்' என்ற கூட்டுறவை ஏற்படுத்தினர். வாக்காளராகப் பதிந்துகொண்ட குற்றத்திற்காக, நிலச்சுவான்தார்களால் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே பல இருந்தன. கூட்டுறவு 23 ஏக்கர் நிலம் வாங்கி, அத்தகைய 8 குடும்பங்களுக்கு மனைகளை விற்றது. போர்வையிலிருந்து வீடு வந்தது! எனினும், பெரிய கம்பெனிகளின் ஆர்டர்கள் குறைந்து, முதியவர்களின் இடத்திற்கு இளையோர் வராமற்போகவே, 2012-இல் அச்சங்கம் மூடப்பட்டது. வெற்றியைப் போலவே இம்முடிவும் நமக்குப் பாடமாகும்.

கூலி கட்டுப்படியாகுமா?

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். அறுபது அங்குல அகலமும் எண்பத்துநான்கு அங்குல நீளமும் உள்ள போர்வைக்குப் பன்னிரண்டு அங்குலச் சதுரங்கள் 35 வேண்டும். உதாரணத்திற்காகச் சதுரம் ஒன்றுக்கு 2 மணி என்று கொண்டால் 70 மணி ஆகும். இணைக்க 6 மணி, மூன்றடுக்கையும் கையால் நெருக்கித் தைக்க 44 மணி என வைத்தால், மொத்தம் 120 மணி. அடித்துணி, பஞ்சு, நூல் ஆகியவற்றுக்கு 800 ரூபாய் என்க. போர்வையை 2,000 ரூபாய்க்கு விற்றால், எஞ்சும் 1,200 ரூபாயை 120 மணிக்குப் பங்கிட வேண்டும். மணிக்குப் பத்து ரூபாய்! துண்டுத் துணி இனாமாகக் கிடைத்ததென்று மகிழ்ந்தவர், தம் உழைப்பையும் இனாமாகவே கொடுத்துவிட்டார் என்பது தெளிவு.

அதே அளவுப் போர்வையைப் பன்னிரண்டு அங்குல அகலமுள்ள நீண்ட பட்டைகள் ஏழினால் அமைத்து, இணைப்பைத் தையல் இயந்திரத்தில் முடித்து, கைத் தையலைச் சற்று அகலமாக இட்டால், 24 மணியில் முடியலாம் என்று கொள்வோம். மணிக்கு 50 ரூபாய் கூலி கொடுத்தாலும் 1,200 ரூபாயே ஆகிறது. சாமான் செலவுடன் அடக்க விலை 2,000 ரூபாய். இதன்மேல் சங்கச் செலவும் விற்பனைக் கழிவும் சேர்த்து விலை வைத்தல் வேண்டும். நுணுக்கமான வேலையைக் கைவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. உரிய விலை தர இசைந்து முன்பணம் கட்டுவோருக்கே அதைச் செய்ய வேண்டும் என்கிறோம்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, சாயத் துணித் துண்டுகளைத் தனித்தனியே நனைத்துச் சாயம் விடுகிறதா, சுருங்குகிறதா என்று பார்த்த பிறகே வெட்ட வேண்டும். சுங்குடித் துண்டின் சிவப்பு பக்கத்து வெள்ளையில் ஏறினால் முழுப் போர்வையும் கெடும். இரண்டாவது, பருத்தியையும் செயற்கைப் பட்டையும் ஒரே போர்வையில் கலத்தலாகாது; துவைத்தபின் ஒன்று சுருங்கி மற்றொன்று புடைக்கும். மூன்றாவது, இழை நேராக ஓடும்படி வெட்டி, ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்கு விட வேண்டும். பன்னிரண்டு அங்குலச் சதுரத்திற்குப் பன்னிரண்டரை அங்குலம் வெட்டுவதே கணக்கு. நான்காவது, முடிந்த சரக்கை ஈரக் காற்றுப் படும் இடத்தில் மடித்து வைத்தலாகாது, பூஞ்சை பிடிக்கும்.

தையல் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். வீட்டுத் திண்ணையில் நடக்கலாம், கிடை போட்டிருக்கும் கீதாரியின் கூடாரத்தில் நடக்கலாம், ஓடும் வண்டி நிற்கும் நிழலிலும் நடக்கலாம். ஆனால் மூலப்பொருளை வாங்குதல், கூலி கணக்கிடுதல், விற்று வசூலித்தல் ஆகிய மூன்றிற்கும் நிலையான ஓர் இடமும் நாணயமான கணக்கும் வேண்டும். தனி ஒருவரால் அது ஆகாது, சங்கத்தால் ஆகும்.

இம்முயற்சியில் இறங்க விரும்பும் அங்கத்தினர்கள், சங்கத்தில் தனிப்பிரிவு கேட்டு மனுச் செய்வதற்கு முன், வீட்டுப் பெண்மணிகள் தைக்கும் ஒரே ஒரு பொருளுக்கு ஆகும் நேரத்தை மட்டும் எழுதி வைத்துப் பார்க்கட்டும். நம் நண்பர் அவ்விதமே செய்தார். தை மாதத்தில் அவர் வீட்டிற்குச் சென்றபோது, தாயார் தைத்த குழந்தை விரிப்பும், நாட்காட்டித் தாளின் பின்புறம் நாள்வாரியாகக் குறித்த கணக்கும் காட்டினார். மொத்தம் 19 மணி. "இத்தனை வருஷத்தில் இன்றுதான் எண்ணிப் பார்த்தோம்" என்றார் அந்த மூதாட்டி. அந்தத் தாளையும் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திற்குக் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டு விடைபெற்றோம்.