ஒரே எறிகோட்டில் உலக வீரரும் வட்டார வீரரும்

தொழில்முறை டார்ட்ஸ் போட்டிகளை நடத்தும் முதன்மை அமைப்பான பிடிசி, 2013ஆம் ஆண்டில் துபாயிலும் சிட்னியிலும் தொடங்கிய ‘வேர்ல்டு சீரிஸ்’ தொடரைப் பின்னர் ஷாங்காய், நியூயார்க், பஹ்ரைன் எனப் பல இடங்களுக்கும் கொண்டுசென்றது. இத்தொடரின் ஒவ்வொரு போட்டியிலும் வழக்கமாக 16 பேர் மோதுகின்றனர். அவர்களில் எட்டுப் பேர் அமைப்பால் அழைக்கப்படும் முன்னணி வீரர்கள், மற்ற எட்டுப் பேர் போட்டி நடக்கும் வட்டாரத்தின் தரவரிசை வழியாகவோ தகுதிச்சுற்று வழியாகவோ இடம்பெறுபவர்கள். முதல் சுற்றில் முன்னணி வீரர் ஒவ்வொருவரும் ஒரு வட்டார வீரரை எதிர்கொள்ள வேண்டும். தோற்றவர் அத்துடன் வெளியேற வேண்டும். ஏற்றத்தாழ்வு மிக்கதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் வட்டார வீரருக்கு உண்மையான வாய்ப்பு உண்டு என்பதை, ஆட்டத்தின் விதிகளை அறிந்தால் எளிதில் உணரலாம்.

சிசல் நாரால் செய்யப்பட்ட வட்டப் பலகை 20 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு, அதன் மையம் தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு மாட்டப்படுகிறது, வீரர் 2.37 மீட்டர் தொலைவிலுள்ள எறிகோட்டுக்குப் பின்னால் நின்று ஒரு முறைக்கு மூன்று அம்புகளை எறிகிறார். வெளிவிளிம்பிலுள்ள மெல்லிய வளையம் ‘டபுள்’ எனப்படுகிறது. அதில் பட்டால் எண் இரட்டிக்கும். உட்பகுதியில் எட்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள ‘ட்ரிபிள்’ வளையத்தில் பட்டால் எண் மும்மடங்காகும். மூன்று அம்புகளும் ட்ரிபிள் 20இல் தைத்தால் கிடைக்கும் 180 புள்ளிகளே ஒரு முறையில் பெறக்கூடிய உச்சம். ஆனால் 20க்கு இருபுறமும் 5, 1 ஆகிய சிறிய எண்கள் அமைந்திருப்பதால், கை சற்றே விலகினாலும் இழப்பு பெரிது.

ஒவ்வொரு வீரரும் 501இல் தொடங்கி, எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பை டபுளிலோ, 50 புள்ளிகள் தரும் நடுப்புள்ளியிலோ எறிந்து சரியாகப் பூஜ்யத்தை எட்ட வேண்டும். இவ்வாறு முடியும் ஓர் ஆட்டத்துக்கு ‘லெக்’ என்று பெயர். எவ்வளவு வேகமாகப் புள்ளி குவித்தாலும் அந்தக் கடைசி டபுள் விழாவிட்டால் லெக் கைக்கு வராது என்பதால், எந்த எண்ணை மிச்சம் வைப்பது என்ற கணக்கும் திறமையின் பகுதியாகிறது. 32 மிச்சமிருப்பவர் டபுள் 16ஐக் குறிவைக்கும்போது, அம்பு உட்புறம் தவறி வெறும் 16இல் பட்டால் டபுள் 8 காத்திருக்கும்; அங்கும் அவ்வாறே தவறினால் டபுள் 4, அதன் பிறகு டபுள் 2 என வழி திறந்தே இருக்கும். 40 மிச்சம் வைத்தவரோ இவ்வாறு மூன்று முறை தவறினால் 5 என்ற ஒற்றைப்படை எண்ணில் சிக்கி, டபுளுக்கு வருவதற்கே ஓர் அம்பைச் செலவிட நேரும்.

டென்னிஸில் வலிய வீரர் அடிக்கும் பந்து எதிராளியின் ஆட்டத்தை நேரடியாகக் குலைக்கிறது. டார்ட்ஸிலோ இருவரும் மாறிமாறித் தத்தம் கணக்கைத் தனித்தனியே குறைத்து வருவதால், உலக சாம்பியனின் ஆற்றல் எதிராளியின் அம்பைத் தொடுவதே இல்லை. முதல் சுற்றில் ஆறு லெக்குகளை முதலில் வெல்பவருக்கே வெற்றி என்னும் குறுகிய அளவும் இதனுடன் சேரும்போது, வட்டார வீரர் சிறிது நேரம் தம் முழுத்திறனுடன் எறிந்தாலே ஆட்டத்தின் போக்கு மாறிவிடும்.

2019 ஆகஸ்டில் பிரிஸ்பேனில் நடந்தது இதற்குச் சிறந்த சான்று. பெர்த் நகரில் கூரைகளுக்கு ஓடு வேயும் தொழிலாளியாக இருந்த டேமன் ஹேட்டா, வட்டாரத் தகுதி பெற்று உள்ளே வந்து, 2018ஆம் ஆண்டின் உலக சாம்பியன் ராப் கிராஸை இறுதியாட்டத்தில் 8-7 என்று வென்றார். அவ்வெற்றி தற்செயலானது அன்று என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கையே காட்டியது: 2020இல் முழுநேரப் போட்டிகளில் ஆடும் உரிமத்தைப் பெற்ற அவர், 2022இல் சைமன் விட்லாக்குடன் இணைந்து ஆஸ்திரேலியாவுக்கு உலகக் கோப்பையை வென்று தந்தார். 2023இல் நியூயார்க்கில் நடந்த வேர்ல்டு சீரிஸ் போட்டியிலும் வட்டார வீரரான கனடாவின் ஜெஃப் ஸ்மித் இறுதியாட்டம்வரை முன்னேறினார்.

இவை அன்றாட நிகழ்வுகள் அல்ல. பெரும்பாலும் கோப்பை முன்னணி வீரரிடமே செல்கிறது. 2024 ஜனவரியில் பஹ்ரைனில் பட்டம் வென்ற லூக் லிட்லர், பதினேழு வயது நிறையுமுன்பே, 501 புள்ளிகளை மிகக் குறைந்த எண்ணிக்கையான ஒன்பது அம்புகளில் முடிக்கும் அரிய சாதனையையும் அங்கே நிகழ்த்தினார். இத்தகைய துல்லியம் இடைவிடாத ஆட்டத்தால் வருவது. முழுநேரச் சுற்றில் ஆடும் உரிமம் 128 பேருக்கு மட்டுமே உண்டு. அதற்கான தகுதித்தேர்வும் சுற்றின் பெரும்பாலான போட்டிகளும் ஐரோப்பாவிலேயே நடப்பதால், மணிலாவிலோ டோக்கியோவிலோ வசிப்பவர் வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் பெயர்ந்தால்தான் அவற்றில் தொடர்ந்து ஆட இயலும். வேர்ல்டு சீரிஸ் தொடரின் பரிசுத்தொகை முக்கியத் தரவரிசையில் சேர்க்கப்படுவதில்லை என்பதால், அங்கே பெறும் வெற்றியும் அந்தத் தடையைத் தானாக நீக்கிவிடாது.

ஆயினும் வாயில் திறந்திருந்தால் அதன் வழியே நுழைய ஆட்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் பால் லிம், 1990ஆம் ஆண்டு உலக சாம்பியன் போட்டியிலேயே ஒன்பது அம்புகளில் ஒரு லெக்கை முடித்து, அப்போட்டி வரலாற்றில் அதைச் செய்த முதல் வீரரானார். இந்தியாவின் நிதின் குமார், 2025 டிசம்பரில் லண்டனில் நெதர்லாந்து வீரர் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2 என்று வென்று, பிடிசி உலக சாம்பியன் போட்டியில் வெற்றி கண்ட முதல் இந்தியரானார். ஆகவே வட்டார வீரர்களின் இடங்களைச் சலுகையாகக் கருதுவது தவறு. ஆண்டுக்கு ஓரிரு மாலைகள் உலக வீரருடன் ஒரே எறிகோட்டில் நிற்கச் செய்வதோடு நின்றுவிடாமல், அவரவர் நாட்டுக்கு அருகிலேயே ஆண்டு முழுவதும் கடும் போட்டிகளை ஏற்படுத்தித் தந்தால், பிரிஸ்பேனில் நிகழ்ந்தது மீண்டும் மீண்டும் நிகழும்.