நீரே வேலி: புக்கிட் மேரா தீவின் ஓராங் ஊத்தான்கள்

நம் ஊர்ப் பெயரிலுள்ள 'ஹுத்தான்' என்னும் மலாய்ச் சொல் காட்டைக் குறிக்கும். அதே காடுதான் 'ஓராங் ஊத்தான்' என்னும் பெயரிலும் நிற்கிறது. காட்டு மனிதன் என்பது அதன் பொருள். ஹுத்தான் மெலிந்தாங்கைச் சூழ இன்று நாம் காண்பவை பெரும்பாலும் செம்பனையும் தென்னையுமே. பேராக்கில் காட்டு மனிதனைக் காண விரும்பும் மாணவர் ஓர் உல்லாச விடுதிக்குச் செல்வதுண்டு.

கிரியான் வயல்களுக்கு நீர் பாய்ச்ச 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது புக்கிட் மேரா ஏரி. அதன் கரையிலுள்ள லேக்டவுன் விடுதியைச் சார்ந்து, ஏரித் தீவொன்றில் 2000ஆம் ஆண்டில் ஓராங் ஊத்தான் காப்பிடம் தொடங்கப்பட்டது. அங்கே வருகையாளர் கம்பிக்கூண்டுப் பாதைக்குள் நடப்பர். விலங்குகள் வெளியே திரியும். மனிதரைக் கூண்டில் அடைத்துவிட்டார்களே என்று மாணவர் வியப்பதுண்டு. அவ்வியப்பு நல்லதே. ஆயினும் அதனோடு நின்றுவிடலாகாது.

தீவு ஏன்? ஓராங் ஊத்தான் நீந்தும் விலங்கன்று; ஆழ்நீரைக் கடக்கத் துணியாது. எனவே மதில் செய்ய வேண்டிய பணியை ஏரிநீரே செய்கிறது. கூண்டுப் பாதையும் நம்மைக் காப்பதற்கு மட்டும் அன்று. நமக்கு மிக நெருங்கிய உயிரினமாதலால், நம் சளியும் காசநோயும் அதனை எளிதில் பற்றும். இடைவெளி விடுவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

கடினமான வினா குட்டிகளைப் பற்றியது. தொல்காப்பிய மரபியல் குரங்கின் இளமைப் பெயராகக் குட்டியோடு மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு என்பவற்றையும் ஏற்கிறது. மகவும் பிள்ளையும் நம் வீட்டுச் சொற்கள் அல்லவா! ஓராங் ஊத்தான் தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஈனும். அத்தனை காலமும் பிள்ளை தாயை ஒட்டியே வாழும். எந்தப் பழம் எப்போது கனியும், அந்திதோறும் கிளைகளை வளைத்து உறங்கக் கூடு அமைப்பது எவ்வாறு என்பனவெல்லாம் தாயிடம் கண்டு கற்பவை. பாற்புட்டி ஏந்திய செவிலியர் இவற்றைக் கற்பிக்க இயலாது. புக்கிட் மேராவில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து மனிதர் வளர்த்தது குறித்து விலங்குநல ஆர்வலர் கண்டித்ததற்கு இதுவே காரணம். அக்கண்டனம் தகுந்தது என்றே நாமும் கருதுகிறோம்.

இனி, 'காப்பகம்', 'மறுவாழ்வு மையம்', 'காட்சிச்சாலை' என்னும் சொற்களை நாம் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்குகிறோம். மறுவாழ்வு என்றால் காடு திரும்புதல் இருக்க வேண்டும். சபாவில் 1964ஆம் ஆண்டில் தொடங்கிய செப்பிலோக் மையம் காட்டை ஒட்டியே அமைந்தது. தேறிய விலங்கு அக்காட்டுக்குள்ளேயே போய்விடலாம். புக்கிட் மேராவைச் சுற்றியுள்ள பேராக் காடுகளோ அதற்கு உரியவை அல்ல. போர்னியோவிலும் சுமத்திராவிலும் மட்டுமே இன்று ஓராங் ஊத்தான் இயற்கையாக வாழ்கிறது. 2017ஆம் ஆண்டில் தனி இனமாக அறிவிக்கப்பட்ட தப்பானுலி ஓராங் ஊத்தானும் சுமத்திராவுக்கே உரியது. மூன்று இனங்களும் அழிவின் விளிம்பில் உள்ளன.

அக்காடுகள் குறைந்ததற்கான காரணங்களுள் செம்பனைப் பயிரும் ஒன்று. நம்மில் பலரின் குடும்பங்களுக்குச் சோறிட்டதும் அதே பயிர்தான். தீவுக்குச் சென்று திரும்பும் மாணவரிடம் கட்டுரை கேட்கும் ஆசிரியர், 'அங்கிருந்து காடு சென்றவை எத்தனை?' என்னும் வினாவையும் தலைப்போடு சேர்த்துக் கொடுக்கலாம்.