முதல் பிறந்தநாள்

ஒரு நாட்டின் நலத்தை அளக்கும் அளவுகோல்களுள் குழந்தை இறப்பு வீதம் முதன்மையானது. ஓராண்டில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு, ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவர் எத்தனை பேர் என்பதே இவ்வீதம். தாயின் உடல்நலம், உணவு, குடிநீர், கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றின் நிலையை இந்த ஓர் எண்ணே உணர்த்திவிடும்.

இந்தியாவில் 1971ஆம் ஆண்டில் இவ்வீதம் 129. அஃதாவது, பிறந்த எட்டுக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்று தன் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. மாதிரிப் பதிவு முறையின் கணக்கெடுப்பின்படி, இது 1990இல் 80ஆகவும், 2010இல் 47ஆகவும், 2020இல் 28ஆகவும் குறைந்தது.

இக்குறைவு தானாக நிகழ்ந்ததன்று. 1985இல் தொடங்கிய அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் தட்டம்மை, கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், இரணஜன்னி முதலிய நோய்களிலிருந்து குழந்தைகளைக் காத்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த எளிய கரைசல், வயிற்றுப்போக்கால் நேரும் இறப்புகளைத் தடுத்தது. மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகின. பெண்கல்வி வளர்ந்தது.

எனினும், சராசரி எண் வேறுபாடுகளை மறைத்துவிடுகிறது. 2020இல் கேரளத்தில் 6ஆகவும் தமிழ்நாட்டில் 13ஆகவும் இருந்த இவ்வீதம், மத்தியப் பிரதேசத்தில் 43ஆக இருந்தது. நகர்ப்புறங்களில் 19, ஊர்ப்புறங்களில் 31. குழந்தை எங்கே பிறக்கிறது என்பதே அதன் வாழ்வைத் தீர்மானிக்கும் நிலை இன்னும் மாறவில்லை.

மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. 2020இல் ஆயிரத்துக்கு 28 என்றிருந்த இறப்புகளுள் 20, பிறந்த முதல் 28 நாள்களுக்குள் நேர்ந்தவை. குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு, மூச்சுத்திணறல், நோய்த்தொற்று ஆகியனவே இவற்றின் முதன்மைக் காரணங்கள். பின்னாளில் போடப்படும் தடுப்பூசிகளால் இவற்றைத் தடுத்துவிட இயலாது. பிறந்த நாள் முதலே பராமரிப்பு வேண்டும்.

அதற்கு வழிகாட்டியது மராட்டிய மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டம். அங்கு மருத்துவர்கள் அபய் பங், இராணி பங் இணையர் 1990களில் சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். அப்பெண்கள் வீடுதோறும் சென்று, குழந்தையின் உடற்சூட்டைக் காத்தல், தாய்ப்பால் புகட்டச் செய்தல், நோய்த்தொற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருந்தளித்தல் ஆகிய பணிகளைச் செய்தனர். அவ்வூர்களில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு பெருமளவு குறைந்தது. 2011இல் இந்திய அரசும் இம்முறையை நாடு முழுவதற்கும் ஏற்றது.

இறப்பு வீதத்தை 129இலிருந்து 28ஆகக் குறைத்த வழிகள் மட்டும் இனிப் போதா. மருத்துவமனைக்குத் தொலைவிலுள்ள வீட்டையும் முதல் நாளிலேயே மருத்துவம் சென்றடைய வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு குழந்தையும் தன் முதல் பிறந்தநாளைக் காணும்.