சாக மறுக்கும் செல்கள்

புற்றுநோய் என்றதும் கட்டுக்கடங்காமல் பெருகும் செல்களைத்தான் நினைக்கிறோம். கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை அது பாதிக் கதை. சாக வேண்டிய செல் சாகாமல் போவதுதான் அங்கே மூலக் கோளாறு என்பேன். இந்த நோய் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸின் 16, 18 ஆகிய வகைகளால் வருகிறது. அவற்றை 1980-களில் இனங்கண்ட ஹரால்ட் ஸுர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸின் இ7 புரதம், செல் பிரிவதைத் தடுத்து வைத்திருக்கும் ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது, செல் பிரியத் தொடங்குகிறது. ஆனால் இப்படி முறைகேடாகப் பிரியும் செல்லில் பி53 என்ற காவல் புரதம் பெருகி, அதைச் சாகடித்துவிடும். இ7 மட்டும் இருந்தால் வைரஸ் குடியிருக்கும் வீட்டையே கொளுத்திக்கொண்ட கதைதான். அதைத் தடுக்கவே வைரஸின் இ6 புரதம். செல்லின் சொந்த நொதி ஒன்றைத் துணைக்கு இழுத்து, பி53-ஐ அழிவுக்கு அனுப்புகிறது இது. சாவைத் தூண்டும் பாக் புரதத்தையும் விட்டுவைப்பதில்லை. பி53 ஒழிந்ததும், அதுவரை அடங்கிக் கிடந்த, செல் சாவைத் தடுக்கும் சர்வைவின் புரதம் தலைதூக்குகிறது. வளர்ந்தவர்களின் பெரும்பாலான திசுக்களில் இந்தப் புரதத்தைப் பார்ப்பதே அரிது. சிகிச்சைக்குத் தரும் ரேடியேஷனும் சிஸ்பிளாட்டின் மருந்தும் டி.என்.ஏ.வைச் சிதைத்துச் செல்லைச் சாக வைப்பவை. சாகும் வழியே அடைபட்ட செல்லில் அவற்றின் வீரியமும் குறையத்தானே செய்யும்?

எச்.பி.வி. தொற்று சர்வசாதாரணம், பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைகிறது, பிறகு இ6-ஐ மட்டும் குற்றம் சொல்வானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொற்று மறைவது நோய் எதிர்ப்பாற்றலின் வேலை. மறையாமல் தங்கும் சிலரிடம் வைரஸின் டி.என்.ஏ. நம் குரோமோசோமில் செருகிக்கொள்ளும்போது, இ6, இ7 இரண்டையும் அடக்கிவைக்கும் இ2 மரபணு பல நேரங்களில் உடைந்துபோகிறது. இதற்குச் சான்று, 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற நோயாளியின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்து இன்றும் ஆய்வகங்களில் வளரும் ஹீலா செல்கள். அவற்றுக்குள் இருப்பது 18-ஆம் வகை. அவற்றில் இ2-வைத் திரும்பச் செலுத்தியபோது பி53 மீண்டது, பிரிவது நின்றது, செல்கள் மூப்படைந்தன. அத்தனை ஆண்டுகள் பெருகிய பிறகும் பி53 மரபணு பழுதாகாமல்தான் இருந்தது!

அப்படியானால் சாவுத் தடுப்புப் புரதங்களுக்கு மருந்து கொடுத்தால் போதாதா? பி.சி.எல்.2 புரதத்தை அடக்கும் வெனிட்டோகிளாக்ஸ் 2016 முதல் ரத்தப் புற்றுநோயில் பயன்படுகிறது. ஆனால் சர்வைவின் சேர்ந்த ஐ.ஏ.பி. குடும்பத்துப் புரதங்கள் சிலவற்றைத் தடுக்கும் ஸெவினாபன்ட், தலை-கழுத்துப் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டப் பரிசோதனையில் 2024-ல் தோற்றது. ஒரு தடுப்பை நீக்கினாலும் மற்றவை மிஞ்சும். வேரான இ6-ஐயே குறிவைப்பதுதான் முறை. சிக்கல் என்னவென்றால் இ6 நொதியல்ல. நொதிகளை முடக்கும் வழக்கமான மருந்து உத்தி அதனிடம் செல்லாது. தடுப்பூசியும் தொற்றைத்தான் தடுக்கும், ஏற்கெனவே இ6 குடிபுகுந்த செல்லை ஒன்றும் செய்யாது.